ஓட்டை போடாமல் ஒட்டிய சாம்பல் தட்டு

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டால், அந்த இரண்டு சிரிப்பில் ஒன்று பொய்யாகத்தான் இருக்கும். எங்கள் குடும்பத்தில் பொய்ச் சிரிப்பு என்னுடையது. என் சகலை இளங்கோவன் நிஜமாகவே சிரிப்பார். அதுதான் எனக்குத் தாங்காது.

இளங்கோவன் சிதம்பரத்தில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறார். என் மனைவி செல்வியின் அக்கா மலரைக் கட்டியவர். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்துகொண்டு, தினமும் சிப்காட்டுக்கு ஒரு பெயின்ட் பவுடர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவன். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. (இந்தப் பிரிவின் பெயரைத் தயவுசெய்து இப்போதே மறந்துவிடுங்கள்.) மாமனார் வீட்டில் அவர் மூத்த மாப்பிள்ளை, நான் இரண்டாவது மாப்பிள்ளை. எத்தனை வருஷம் உழைத்தாலும் பதவி உயர்வே வராத வேலை உலகத்தில் இது ஒன்றுதான். எந்த விசேஷத்திலும் முதல் மாலை அவருக்கு, முதல் வேட்டி துண்டு அவருக்கு. பந்தி ஆரம்பிக்கும்போது மாமனார், "மாப்ள உக்காந்துட்டாரா?" என்று கேட்டால், எந்த மாப்பிள்ளை என்று ஒருவரும் திருப்பிக் கேட்பதில்லை.

அவர் மேல் எனக்கு எதற்கெல்லாம் பொறாமை என்று சொல்லப்போனால் அசிங்கமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். அவருக்கு முடி கொட்டவில்லை. அவர் வீட்டு போர் தண்ணீர் இனிக்கிறது, எங்கள் வீட்டில் உப்பு. அவர் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று 'வா வா' என்று கத்த ஆள் தேவையில்லை. செல்வி அவரைப் பற்றிப் பேசும்போது "எங்க மாமா" என்று ஆரம்பிப்பாள். என்னைப் பற்றிப் பேசும்போது "இவரு இருக்காரே" என்று ஆரம்பிப்பாள்.

செல்வியின் தம்பி பிரபுவுக்குக் கல்யாணம் ஆனது. கல்யாணம் முடிந்த கையோடு புதுமணத் தம்பதியை உறவுக்காரர்கள் ஆளுக்கொரு நாள் வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பது வழக்கம். பெயர்தான் விருந்து. உண்மையில் அது பரீட்சை. யார் வீட்டில் எத்தனை கறி, யார் எப்படி எடுத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் அன்றைக்கே போனில் மாமியாருக்குப் போய்விடும். முதல் விருந்து வழக்கம்போல மூத்த அக்கா வீட்டில், சிதம்பரத்தில். நாங்களும் போயிருந்தோம்.

மாடிக்குப் போனால், நடுவில் கறுப்பாகப் பளபளவென்று ஒரு உருண்டை அடுப்பு. மூன்று கால், மேலே குமிழ் மாதிரி மூடி. உள்ளே கரியைப் போட்டு, கம்பித் தட்டில் மீனையும் கோழியையும் சுடுகிற பார்பிக்யூ அடுப்பு. அதில் இளங்கோவன் வஞ்சிரம் துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். சாப்பிட்டு முடிந்ததும் அடுப்புக்குக் கீழே இருந்த ஒரு கைப்பிடியை இப்படியும் அப்படியும் ஆட்டினார். சாம்பல் முழுவதும் அடியில் இருந்த தட்டில் கொட்டியது. தட்டைக் கழற்றிக் கொண்டுபோய்த் தென்னைக்குக் கொட்டிவிட்டு வந்து மறுபடி மாட்டினார். தரையில் ஒரு பொட்டு சாம்பல் இல்லை. வெள்ளை வேட்டியில் ஒரு கறை இல்லை.

"பாருங்களேன், கீழ ஒரு துளிகூட உழல," என்றாள் செல்வி என்னிடம். நான் வேண்டுமென்றே எங்கள் வீட்டில் சாம்பல் கொட்டிக்கொண்டிருப்பதைப் போன்ற குரலில். புதுப்பெண் திவ்யா அதுவரை வாயைத் திறக்காதவள், அந்தத் தட்டைப் பார்த்து, "சூப்பர்ண்ணா" என்றாள். நானும் சூப்பர் என்றேன். பல்லைக் காட்டிக்கொண்டுதான் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருந்து எங்கள் வீட்டில். திரும்பி வரும் பஸ்ஸிலேயே செல்வி பிரியாணியா, குழம்பு வகையறாவா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"பார்பிக்யூ," என்றேன் நான்.

"எதுல? நம்ம ஊட்டு தோசக்கல்லுலயா?"

"அது என் பொறுப்பு."

"இதப் பாருங்க, அக்கா மாமா ரெண்டு பேரும் வராங்க. புதுசா வந்திருக்கற பொண்ணு வேற. என் மானத்த வாங்கிடாதீங்க. பிரியாணின்னா நான் பாத்துக்குவேன்."

தோசைக்கல்லைப் பற்றி அவள் கேட்டது நியாயமான கேள்வி என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தத் தட்டை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வையை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் மேல் வைக்க வேண்டும். அவள் அக்காவும் அதைப் பார்க்க வேண்டும்.

என்னோடு வேலை பார்க்கும் ஜாஃபர் பரங்கிப்பேட்டைக்காரன். அவனுடைய அண்ணன் துபாயிலிருந்து வந்தபோது இதே மாதிரி ஒரு உருண்டை அடுப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். கேட்டவுடன் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான். இறக்கிப் பார்த்தால் அடுப்பு இருக்கிறது, மூடி இருக்கிறது, சாம்பல் தட்டு மட்டும் இல்லை. அடியில் மூன்று துவாரம். கரி எரிந்தால் சாம்பல் நேரே தரையில் கொட்டும். போன் போட்டேன்.

"தட்டு எங்கயோ கெடக்கு மச்சான், தேடிப் பாக்கறேன். ஆனா ஒண்ணு. நீ பாட்டுக்கு டிரில்லர எடுத்துக்கிட்டு ஓட்ட கீட்ட போட்டுராத. அந்தக் கோட்டிங்கு தெறிச்சிப் போச்சின்னா துரு புடிச்சிரும். அண்ணன் அடுத்த மாசம் வராரு, என்ன உயிரோட உடமாட்டாரு."

ஆக, ஓட்டை போடக் கூடாது. ஆனால் தட்டை மாட்ட வேண்டும். 'தட்டைக் கீழே தரையில் வைத்துவிட்டால் போச்சு' என்று உங்களுக்குத் தோன்றும். செல்விக்கும் தோன்றியது, சொன்னாள். (ஊரில் எல்லோருக்கும் தோன்றுகிற வழி எனக்கு மட்டும் எப்போதும் கேவலமாகத் தோன்றும்.) இளங்கோவன் வீட்டில் தட்டு அடுப்போடு ஒட்டியிருந்தது. அதனால் எங்கள் வீட்டிலும் அது ஒட்டியிருந்தாக வேண்டும்.

முதலில் வீட்டிலிருந்த ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கட்டுக்கம்பியால் கட்டிப் பார்த்தேன். அடுப்பின் அடிப்பக்கம் உருண்டை. கம்பி வழுக்கிக்கொண்டு வந்து, தட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. பிறகு குழாய் ஒழுகினால் பிசைந்து ஒட்டுவார்களே, அந்தப் பசையை வாங்கி வந்து நான்கு இடத்தில் அப்பினேன். நன்றாகவே ஒட்டியது. சோதனைக்காகக் கொஞ்சம் கரியைப் பற்றவைத்தேன். மாடியில் வடகம் காயவைத்திருந்த பக்கத்து வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போய், யார் வீட்டில் ஒயர் எரிகிறது என்று தெரு முழுவதும் விசாரித்தார். பசையைச் சுரண்டி எடுப்பதில் ஒரு நாள் போனது.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. காந்தம்! எங்கள் கம்பெனியில் பவுடரில் இரும்புத் தூள் கலந்துவிடாமல் இருக்கக் காந்தம் வைத்துப் பிடிப்போம். பார்க்கச் சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், ஒட்டிவிட்டால் பிரிப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும். அந்த மாதிரிக் காந்தங்களை ஆன்லைனில் வரவழைத்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுப்பின் அடியில் மூன்று இடத்தில் ஒட்டினேன். அந்த மூன்று அடுக்கும் ஒரு பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் காற்று போக இடைவெளி. திருகாணி இல்லை, ஓட்டை இல்லை. என் முதுகில் நானே தட்டிக்கொடுக்கக் கை எட்டவில்லை.

இனி காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும். இங்கேதான் சிக்கல். நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது மட்டமான சரக்கு என்பது பாத்திரக் கடை ஏறிய பெண்கள் எல்லோருக்கும் தெரியும். நான் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்து, ஒவ்வொரு பாத்திரமாக வைத்துப் பார்த்தேன். எதிலும் ஒட்டவில்லை.

"ஒட்டாதுங்க. எல்லாம் எங்கப்பா பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்த சீரு," என்றாள் செல்வி பெருமையாக.

பரண் மேல் ஏறினேன். பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பேசின் கிடந்தது. அகலமான விளிம்பு, அடுப்புக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். டப்பென்று பாய்ந்து ஒட்டிக்கொண்டது.

"இது யாருதுடி?"

"அது அக்கா ஊட்டுது. ஒரு தீபாவளிக்கு அதிரசம் வச்சிக் குடுத்து உட்டுச்சி. திருப்பிக் குடுக்கணும் குடுக்கணும்னு நெனச்சி அப்பிடியே மறந்துட்டேன்."

பரண் ஏணியில் நின்றபடியே எனக்குள் ஒரு சந்தோஷம் ஊறியது. அதை எப்படிச் சொல்வது? இத்தனை வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான். இளங்கோவன் வீட்டில் மட்டப் பாத்திரம்! இனிப்புத் தண்ணீர், கொட்டாத முடி, உள்ளே போய்ப் பார்த்தால் ஒட்டுகிற எவர்சில்வர். நான் அதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"என்னாங்க, ஞாயித்துக்கெழம இதப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். பண்ணும்போது மனப்பூர்வமாகத்தான் பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். பிரபு, திவ்யா, இளங்கோவன், மலர் அண்ணி. மாடியில் பிளாஸ்டிக் பாய் விரித்து, ஒரு ஓரத்தில் பிரியாணி, தயிர்ப் பச்சடி, தண்ணீர் எல்லாம் தயாராக இருந்தது. (செல்வி என்னை நம்பவில்லை. பிரியாணியும் செய்துவிட்டாள்.) துறைமுகத்திலிருந்து காலையிலேயே வாங்கி வந்த இறால் மசாலாவில் ஊறிக்கொண்டிருந்தது. கரி கனிந்ததும் இறாலைக் கம்பித் தட்டில் அடுக்கினேன். சாம்பல் அடித் துவாரம் வழியாக அழகாகப் பேசினில் இறங்கியது. தரையில் ஒரு பொட்டு இல்லை.

இளங்கோவன் முதலில் அதைத்தான் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சகல, இது எப்பிடி நிக்கிது? ஸ்க்ரூவே காணுமே?"

"ஓட்ட போடல சகல. காந்தம்."

"அட! மூளடா சாமி! பிரபு, இங்க வந்து பாரு. திவ்யா, நீயும் வாம்மா. என்னோடது கடைல வாங்குனது, பணம் குடுத்தா யாரும் வாங்கலாம். இது நம்ம சகல மண்டைல இருந்து வந்தது."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை! நான் ஆசைப்பட்டேனே, அதே பார்வை, அவள் அக்கா பக்கத்தில் நிற்கும்போதே. அந்த நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு இறாலைத் திருப்பிப் போட்டிருந்தால், இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

ஆனால் ஜெயித்தது போதவில்லை. அவர் தோற்க வேண்டும்.

"இதுல ஒரு விஷயம் இருக்குது பிரபு," என்று ஆரம்பித்தேன். "நல்ல எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாது. எங்க ஊட்டுல தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணுகூட ஒட்டுற பாத்திரம் கெடையாது. கடைசில ஒண்ணே ஒண்ணுதான் ஒட்டுச்சி. பாத்தா, அது சிதம்பரத்துல இருந்து வந்த பேசினு!"

செல்வி என் முழங்கைக்கு மேல் கிள்ளினாள். சதையோடு சேர்த்து. நான் நிறுத்தவில்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கத் தெரியாதவன் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தேன்.

"எந்தக் கடைல வாங்குனீங்க அண்ணி? உங்கள நல்லா ஏமாத்திப்புட்டான். நான் தரக் கட்டுப்பாட்டுல இருக்கறவன், எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சிப் போச்சி. அடுத்த தடவ பாத்திரம் வாங்கறதுன்னா எனக்கு ஒரு போன் போடுங்க."

மலர் அண்ணியின் முகம் சுண்டிப்போனது. "அது எங்க ஊட்டுதா?" என்று மட்டும் கேட்டார். திவ்யா தலையைக் குனிந்துகொண்டாள். பிரபு பிரியாணி அண்டாவை அதற்கு முன் அண்டாவையே பார்த்திராதவன் போலப் பார்த்தான். இளங்கோவன் மட்டும் எதையோ சொல்ல வந்து, சொல்லாமல் மென்று விழுங்கினார்.

காந்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. சூடு ஏறினால் அந்த மாதிரிக் காந்தத்துக்குப் பிடிப்பு போய்விடும். கம்பெனியில் நாங்கள் அதைக் குளிர்ந்த பவுடரில்தான் பயன்படுத்துகிறோம். சோதனை செய்தபோதும் நான் அடுப்பைப் பற்றவைக்காமல், பேசினில் மணலைக் கொட்டித்தான் பார்த்திருந்தேன். (பசை எரிந்த நாளுக்குப் பிறகு பக்கத்து வீட்டு அம்மா மேல் ஒரு பயம்.)

முதலில் 'ணங்' என்று ஒரு சத்தம். ஒரு பக்கத்துக் காந்தம் விட்டது. "சகல, தட்டு!" என்று இளங்கோவன் கத்துவதற்குள் மற்ற இரண்டும் விட்டுவிட்டன. பேசின் குப்புற விழுந்து, உருண்டு, சாம்பலையும் அதிலிருந்த கங்குகளையும் மாடி முழுக்க வாரி இறைத்தது. கங்குகள் பாயின் மேல் ஓடின. ஓடிய இடமெல்லாம் பாய் பொசுங்கி ஓட்டை விழுந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கமிருந்து ஒரு காற்று. மாடியில் ஒன்றுமே தெரியவில்லை.

காற்று ஓய்ந்ததும் பார்த்தால், பிரியாணி மேல் சாம்பல், பச்சடி மேல் சாம்பல், பாதி வெந்த இறால் மேல் சாம்பல். புதுமணத் தம்பதி தலை முதல் கால் வரை வெளுத்துப்போய் நின்றார்கள். இளங்கோவன்தான் முதலில் அசைந்தார். திவ்யாவைப் புடவையோடு படிக்கட்டுப் பக்கம் நகர்த்திவிட்டு, குடத்துத் தண்ணீரை எடுத்துக் கங்குகள் மேல் ஊற்றினார். யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. நான் அதுவரை கையில் இடுக்கியோடு நின்றுகொண்டிருந்தேன். அடுப்பில் மட்டும் ஓட்டை இல்லை.

செல்வி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அவள் அக்காவைப் பார்த்து, "மன்னிச்சுக்கோக்கா, இவரு இருக்காரே..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நிறுத்திக்கொண்டாள்.

மலர் அண்ணி மூலையில் ஆறிக் கிடந்த பேசினை எடுத்துக்கொண்டு மாடிக் குழாயடிக்குப் போனார். தேங்காய் நாரை எடுத்து, தரையில் கிடந்த சாம்பலையே தொட்டு, தேய்க்க ஆரம்பித்தார். அவருக்குக் கோபம் வந்தால் பாத்திரம் துலக்குவார் என்று செல்வி எப்போதோ சொல்லியிருக்கிறாள். நன்றாகத் தேய்த்தார். பிறகு தேய்ப்பதை நிறுத்தி, விளிம்புக்குக் கீழே எதையோ உற்றுப் பார்த்தார். பரிசுப் பாத்திரங்களில் கடைக்காரர்கள் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார்களே, அந்த எழுத்து. வருஷக்கணக்கில் மங்கிப்போயிருந்த புள்ளிகளில் சாம்பல் ஏறி, எழுத்துக் கறுப்பாக எழுந்து நின்றது.

அவர் பேசினைத் தங்கையிடம் நீட்டினார். செல்வி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"புதுமனை புகுவிழா அன்பளிப்பு. மா. குமரவேல், செல்வி. கடலூர்."

மா. குமரவேல் நான்தான்.

எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. இளங்கோவன் சிதம்பரத்தில் வீடு கட்டிக் குடிபோனபோது, திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் நானே போய் வாங்கிய பேசின். அவர் மாடி வீடு கட்டிவிட்ட எரிச்சலில் இருந்தேன். "பாக்கப் பெருசா இருக்கணும், வெலை ஜாஸ்தியா இருக்கக் கூடாது," என்று கடைக்காரரிடம் சொன்னேன். நான் கேட்ட மாதிரியே அவர் எடுத்துக் கொடுத்தார். என் பெயரை இன்னும் பெரிதாக வெட்டச் சொல்லி அவரிடம் சண்டை வேறு போட்டேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி," என்றார் மலர் அண்ணி, கையைக் கழுவிக்கொண்டே. "பாத்திரம் வந்தா காந்தம் வச்சிப் பாக்கறது எங்கம்மா பழக்கம். பாத்தேன், ஒட்டுச்சி. செல்வி மனசு கஷ்டப்படுமேன்னு யாருகிட்டயும் சொல்லல. அப்புறம் ஒரு தீபாவளிக்கு அதிரசம் வச்சி உங்களுக்கே அனுப்பிட்டேன். நீங்களா புரிஞ்சிக்குவீங்கன்னு பாத்தேன்."

"உங்களுக்கும் தெரியுமா சகல?" என்று இளங்கோவனைக் கேட்டேன்.

"உடு சகல, பேசின்ல என்னா இருக்குது," என்றார் அவர்.

தெரிந்திருக்கிறது! இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அதுவும் நிஜச் சிரிப்பு. என்னால் ஒரு சாயங்காலம் அடக்க முடியாத வாயை, அந்த மனுஷர் வருஷக்கணக்கில் அடக்கி வைத்திருந்தார். அந்த நிலைமையிலும், தலை முழுக்கச் சாம்பலோடு நின்றபடி, அவருடைய பெருந்தன்மையின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

அப்போது ஒரு சத்தம். திவ்யா. கல்யாணமான நாளிலிருந்து ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டிருந்த புதுப்பெண், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சாரிண்ணா... தரக் கட்டுப்பாடு..." என்று சொல்லி, மேலே பேச முடியாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்து பிரபு. அடுத்து மலர் அண்ணி. செல்வி கடைசிவரை உம்மென்று இருக்கப் பார்த்தாள். பிறகு பேசினை மறுபடி ஒரு தரம் வாசித்தாள், அவ்வளவுதான், சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அக்காவும் தங்கையும் ஒருவர் தலையிலிருந்த சாம்பலை ஒருவர் தட்டிவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு ஓரளவு உயிர் வந்தது.

மிச்சமிருந்த இறாலைக் கழுவி எடுத்துக்கொண்டு இளங்கோவன் எங்கள் சமையலறைக்குள் போனார். தோசைக்கல்லில் வறுத்துக் கொண்டுவந்தார். அப்படி ஒரு இறால் வறுவலை நான் அதற்கு முன் எங்கள் வீட்டில் சாப்பிட்டதில்லை. வேறென்ன சொல்ல!

மறுநாள் அடுப்பைத் திருப்பி அனுப்பினேன். ஜாஃபர் அதைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினான்.

"ஓட்ட இல்ல. நல்ல மனுசன் மச்சான் நீ. அந்தத் தட்டு கெடச்சிருச்சி. எங்கம்மா கோழிக்குத் தண்ணி வச்சிக்கிட்டு இருந்தாங்க."

அந்த விருந்து நடந்து இப்போது சில வருஷம் ஆகிவிட்டது. திவ்யாதான் எங்கள் குடும்பத்தில் அதிகம் பேசுகிறவள். அன்றைக்குச் சாம்பலில் நின்று சிரித்ததோடு தன் கூச்சம் போய்விட்டது என்கிறாள், அந்தப் புண்ணியம் எனக்கே சேரும் என்றும் சொல்கிறாள். நான் எந்த விசேஷத்துக்குப் பரிசோடு போனாலும் யாராவது ஒருவர், "இருங்க, ஒட்டுதான்னு பாத்துருவோம்" என்று சொல்லாமல் இருப்பதில்லை. துணி கொடுத்தால்கூடச் சொல்கிறார்கள்.

அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறொன்று. இந்தக் கதையைக் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்வது இளங்கோவன். அவ்வளவு அழகாகச் சொல்கிறார். இடுக்கியோடு நான் நின்றதை நின்று காட்டுகிறார், காற்று அடிப்பதற்கு வாயால் சத்தம் கொடுக்கிறார், கேட்கிறவர்கள் புரையேறிச் சிரிக்கிறார்கள். என் அவமானம், என் பேசின், என் காந்தம். ஆனால் கைதட்டல் அவருக்கு. போன மாதம் திவ்யாவின் வளைகாப்பில் சிதம்பரத்துக்காரர்கள் சிலர், அந்த அடுப்புக் கதையைச் சொல்லுங்கள் என்று என்னையே கேட்டார்கள். எனக்கு வாயெல்லாம் பல். தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, "அன்னைக்கு ஞாயித்துக்கெழம..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்க இருங்க," என்றாள் செல்வி. "மாமா கார நிறுத்திட்டு வந்துரட்டும்."